கல்லீரல் எந்தப் பக்கம்?

"ஆளுக்கொண்ணு சொல்றாங்க மாதாஜி. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

தெய்வசிகாமணி ஃபைலைத் தரையில் போட்டார். பன்னிரண்டு வருடமாக ஆசிரமத்துச் சீடர். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

தங்கை பரிமளத்துக்குக் கல்லீரலில் புற்றுநோய். அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அண்ணனும் புருஷனும் உள்ளே வந்திருந்தார்கள்.

மாதாஜி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"மஞ்சள்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கோம். பயந்துடுவா, பாவம்."

"சரி, மேலே சொல்லுங்கள்."

"ஒரு டாக்டர், கட்டி இருக்கற பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துடலாம்கறார். ஆனா மிச்சக் கல்லீரலும் சுருங்கிக் கிடக்கு, அதுல மறுபடி வரலாமாம். இன்னொருத்தர், முழுசா எடுத்துட்டு வேற கல்லீரல் வைக்கணும்கறார். ஆயுசுக்கும் மாத்திரை. மூணாவது ஆள், ஊசியை உள்ளே விட்டுக் கட்டியைச் சுட்டுடலாம், வெட்டவே வேண்டாம்கறார். திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

மாதாஜி புருஷனைப் பார்த்தார்.

வேதமூர்த்தி தொண்டையைச் செருமினார். "வேற வெச்சா மூணு மாசம் படுக்கை மாதாஜி. வீட்டை யார் பாக்கறது? வெட்டிடறதுதான் சரி."

"மூணு மாசம் நீங்களே கஞ்சி வெச்சுக் குடிச்சா தேய்ஞ்சா போயிடுவீங்க, மாப்பிள்ளை?"

"அப்ப உங்க வீட்லேர்ந்து ஆள் அனுப்புங்க மச்சான், சமைச்சுப் போட!"

"அதுக்குத்தான் சொல்றேன், ஊசியே போதும்னு!"

மாதாஜி கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கல்லீரல் எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டுங்கள்."

அண்ணன் இடது பக்கம் தொட்டார்.

புருஷன் கொஞ்சம் யோசித்து, தொப்புளுக்கு மேலே கை வைத்தார்.

"வலது பக்கம். விலா எலும்புக்குக் கீழே."

வாசற்படியில் பரிமளம் நின்றிருந்தாள்.

"உனக்கு... யாரும்மா சொன்னது?"

"என்னோடதாச்சே அண்ணா."

"இல்ல, ரிப்போர்ட்டு..."

"டிவி மேலதானே வெச்சிருந்தீங்க? இங்கிலீஷ்ல இருந்தா எனக்குப் படிக்கத் தெரியாதா? கான்வென்ட்டுக்குப் பதினோரு வருஷம் என்ன, கோலம் போடவா போனேன்?"

மாதாஜி ஃபைலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பரிமளம் தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். மூன்று டாக்டர்களும் சொன்னதை அண்ணன் கைப்பட எழுதி வைத்திருந்தார். ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எத்தனை நாள் ஆஸ்பத்திரி. எத்தனை நாள் படுக்கை. என்னிக்கு அடுப்படிக்குப் போகலாம். எல்லாம் கேட்டிருக்கீங்க."

பரிமளம் ஃபைலை மூடினாள்.

"எதுல நான் ரொம்ப நாள் இருப்பேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலியே?"