பத்துக் கல் நம்பிக்கை

கருங்குளக் கோட்டை ராஜா வீரபூபதி விருந்தில் ஒரு தும்மல் தும்மினார். அங்கிப் பொத்தான் தெறித்து, அண்டை நாட்டுத் தூதரின் பாயசத்தில் விழுந்தது. மறுநாளே ஆணை பிறந்தது. சபையில் உள்ள அத்தனை பேரும் விஜயதசமி வரை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடியற்காலையில் தண்டால் எடுக்க வேண்டும்.

"விடாமல் செய்வோம் என்று யாருக்கு எவ்வளவு நம்பிக்கை? அளந்து சொல்லும், தளவாயாரே!" என்றார் ராஜா.

தளவாய் திருமேனியப்பர் ஆளுக்குப் பத்துக் கூழாங்கல் கொடுத்தார். எவ்வளவு நம்பிக்கையோ அத்தனை கல்லைச் சட்டியில் போட வேண்டும். மழை பெய்தாலும் வருவீர்களா? மாமனார் வீட்டில் விருந்து தின்ற மறுநாளும்? ராஜா முதல் ஆளாகப் பத்தையும் போட்டார். அப்புறம் ஒன்பது போட யாருக்குப் பைத்தியம்? சுவரைப் பிடித்து எழுந்த புரோகிதர்கூடப் பத்துப் போட்டார்.

ராஜாவுக்கு யோசனை சொல்லும் நல்லகுற்றாலம் மட்டும் மூன்று போட்டார். விடியற்காலை என்பதை அவர் கேள்விப்பட்டதோடு சரி. இருந்தாலும் முயன்று பார்க்கலாம் என்று மூன்று.

தளவாய்க்கு வாயெல்லாம் பல். "மூன்று கல் மனிதருக்குச் சபையில் என்ன வேலை, மகாராஜா? என் மைத்துனன் பத்துப் போடுவான். அந்த இடத்தை அவனுக்கே தரலாம்."

ராஜா தலையாட்டினார். நல்லகுற்றாலத்தின் பதினெட்டு வருஷத்து வேலை, மூன்று கல்லில் போகிறது!

"போகிறேன், மகாராஜா. விஜயதசமிக்கு எல்லோருக்கும் பட்டு அங்கி தைப்பது அரண்மனை வழக்கம். அந்த அளவெடுப்பு முடியும்வரை இருக்க உத்தரவு வேண்டும்."

"இரும்."

அவர் நேரே தையற்காரர் மஸ்தானிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். மஸ்தான் ஒவ்வொருவரையும் தனி அறையில் நிறுத்தி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, இன்றைய அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு ஒரே கேள்வி.

"மண்டலம் கழிச்சுப் போடுற அங்கி. பட்டை வெட்டிட்டா வெட்டினதுதான். எந்த இடுப்புக்கு வெட்டட்டுங்க?"

பதில் கிடைத்ததும் இரண்டாவது முடிச்சு.

மறுநாள் கயிறுகள் சபைக்கு வந்தன.

"மெலிவோம் என்று நம்புகிறவருக்கு இரண்டாம் முடிச்சு உள்ளே இருக்க வேண்டும், மகாராஜா" என்றார் நல்லகுற்றாலம். "என்னுடையது அரை விரல் உள்ளே. புரோகிதர்?"

"நாலு விரல் வெளியே" என்றார் மஸ்தான். "எதுக்கும் இருக்கட்டும்னாருங்க."

"தளவாயார்?"

"ஒரு சாண் வெளியே. நவராத்திரிப் பலகாரத்தையும் கணக்குல வச்சுக்கச் சொன்னாருங்க."

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. எல்லாவற்றிலும் நீளமான கயிற்றை உருவி எடுத்தார்.

"ஒன்றரைச் சாண் வெளியே! பத்துக் கல் போட்டுவிட்டு இப்படியா? இந்த ஆளை முதலில் வெளியே அனுப்புங்கள்! யாருடையது இது?"

மஸ்தான் தரையைப் பார்த்தார்.

நல்லகுற்றாலம் பணிவாகக் கைகட்டினார். "அனுப்பிவிடலாம், மகாராஜா. சிம்மாசனம் காலியாக இருக்குமே என்றுதான் யோசிக்கிறேன்."

ராஜா கயிற்றைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீர் இங்கேயே இரும். தளவாயார் கேட்ட ஒரு சாண் பட்டில் உமக்குத் தலைப்பாகை!"

சிரித்த சிரிப்பில் இன்னொரு பொத்தான் தெறித்தது. மஸ்தான் ஓசைப்படாமல் கயிற்றை வாங்கி, முடிச்சை இன்னும் இரண்டு விரல் தள்ளிப் போட்டார்.