வரிசை எங்கே நிற்கிறது?

"என் மகளை முதல் ஆளா நிறுத்திட்டேன் மேடம். அப்படியும் சத்தம் விட்டு விட்டுத்தான் போகுது."

சொல்லிக்கொண்டே கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.

முப்பிடாதி திரும்பவில்லை. ஒரு வயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கீழே மாவு மில். மேலே இவர்களுடைய இன்டர்நெட் ஆபீஸ். மொட்டை மாடியில் ஒரு டிஷ். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மலையடியில் ஒரு கிராமம். அங்கேயும் ஒரு டிஷ். இது அதைப் பார்த்தபடியே நிற்கும். அந்தக் கிராமத்துக்கு இன்டர்நெட் போக வேறு வழி கிடையாது.

கோமதிநாயகத்தின் வீடு அங்கேதான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் மிக்ஸி ரிப்பேர் பார்த்தவன். ரவுட்டர் வேலை கற்றுக்கொள்ள வந்து ஏழு மாதம் ஆகிறது. சொல்லிக்கொடுக்கிற முப்பிடாதிக்கு முப்பத்தொன்று. அவன் மேடம் என்பான். அவள் அண்ணே என்பாள்.

"நேத்து ஆதிரை வாழைப்பழம் கேட்டா மேடம். எப்படிக் கேட்டா தெரியுமா? 'வா... பழம்.' நடுவுல ஒண்ணுமே இல்ல. திக்குவாயோன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அவ காதுக்கு அந்தச் சொல் அப்படித்தான் வந்திருக்கு. அதுதான் சரின்னு படிச்சுக்கிட்டா."

முப்பிடாதி வயரைக் கீழே வைத்தாள்.

ஆதிரைக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. போன வருஷம் ஆபரேஷன் செய்து கருவி வைத்தார்கள். இப்போது சத்தம் உள்ளே போகிறது. எந்தச் சத்தம் எந்தச் சொல் என்று இனிமேல்தான் அவள் படிக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு மதுரையிலிருந்து ஒரு டீச்சர் வீடியோவில் வந்து சொல்லிக்கொடுக்கிறாள்.

அதே நாலு மணிக்குத்தான் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். பையை எறிந்த கையோடு வீட்டுக்கு வீடு வீடியோ ஓடும்.

"இன்னைக்கும் சத்தம் உடைஞ்சா வீடியோ வகுப்பே வேண்டாம், நேர்ல கூட்டிட்டு வாங்கன்னு மதுரை டீச்சர் சொல்லிட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்கு எப்படி மேடம்? இன்னொண்ணும் சொல்றாங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பறா, அப்பா கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கறான்னு. எம் பொண்டாட்டி சிரிக்கா. உங்க பேச்சை என்னாலயே பிடிக்க முடியல, பிள்ளை என்ன செய்யும்ங்கா. நான் என்ன அவ்வளவு வேகமாவா பேசறேன், நீங்களே சொல்லுங்க, நீங்க சொல்லுங்க மேடம்..."

"இப்ப என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

அவன் சுவரைக் காட்டினான். ஒரு நோட்டுத் தாள் ஒட்டியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. கீழே ஏழு வரி. முதல் வரியில் 'ஆதிரை வகுப்பு'. இரண்டாவதில் 'போன் பேச்சு'. ஏழாவதில் 'சினிமா'. ரவுட்டரின் நெற்றியில்கூட ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தான்.

"இதை அப்படியே ரவுட்டர்ல ஏத்தினேன். எது முன்னால போகணும், எது பின்னால போகணும்னு மூணு தரம் சரிபார்த்தேன்."

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

"வரிசை எங்கே நிக்குது அண்ணே?"

"ரவுட்டர்லதான்."

"பார்த்தீங்களா?"

பார்த்தான். போன செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ரவுட்டரில் எது எவ்வளவு காத்திருந்தது என்று எடுத்தான். முதல் வரிசையில் பூஜ்யம். இரண்டாவதில் பூஜ்யம். ஏழிலும் பூஜ்யம்.

"யாருமே நிக்கலையே மேடம். வந்தது வந்தபடி போயிருக்கு."

"யாருமே நிக்காத வரிசையில உங்க மக எத்தனாவது ஆள்?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

"விடுகதை போட இது நேரமா மேடம்? ரவுட்டரை மாத்திரலாமா? பெருசா ஒண்ணு வாங்கிரலாமா?"

முப்பிடாதி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள்.

"என் பையனுக்குச் சத்துமாவு. எல்லாம் வறுத்துப் போட்டிருக்கேன். கீழே போய் அரைச்சுட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் படிகளை இரண்டிரண்டாக இறங்கினான்.

மில்லில் அவனுக்கு முன்னால் நாலு பாத்திரங்கள் தரையில் வரிசையாக இருந்தன. மில்லுக்காரர் சேர்மக்கனி முகமெல்லாம் மாவோடு மிஷின் பக்கத்தில் நின்றார். கோமதிநாயகம் ஒரு நிமிஷம் நின்றான். அடுத்த நிமிஷம் மிஷினுக்குப் பக்கத்தில் போய்த் தூக்குவாளியைக் கவிழ்க்கப் போனான்.

"ஓய்! கையை எடும்!"

"தொட்டி பாதி காலியாத்தானே கிடக்கு அண்ணாச்சி? நானும் தட்டிவிட்டா நேரம் மிச்சம்."

"உள்ள ஓடுறது இந்த அம்மாவோட அரிசி. அதுக்கு மேல நீர் தட்டுவீரு. உமக்கு மேல அந்தா நிக்காளே, அவ மிளகாயைத் தட்டுவா. உம்ம வாளியில என்ன?"

"குழந்தைக்குச் சத்துமாவு."

மிளகாய்க்காரி சிரித்தாள். "நல்லதுதான். பிள்ளை இனிமே ராத்திரி பகல்னு பார்க்காம முழிச்சிருக்கும்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சேர்மக்கனி சிரிக்கவில்லை. அவனுடைய வாளியை வாங்கி, மிளகாய்க்கு முன்னால் தரையில் நகர்த்தி வைத்தார்.

"குழந்தை மாவு முன்னால போகட்டும். மிளகாய் கடைசி. இந்தா பாரும் வே, தரையில இருக்க வரைக்கும்தான் நான் சொன்னது நடக்கும். தொட்டிக்குள்ள விழுந்துட்டா எது யாருதுன்னு கல்லுக்குத் தெரியுமா?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். மேலே மாவு படிந்த மேல்தளம். அதற்கும் மேலே ஆபீஸ். அதற்கும் மேலே டிஷ்.

ஓடினான்.

"வே! உம்ம வாளி!"

மூச்சு வாங்க வந்து நின்றான்.

"டிஷ் மேடம்! எல்லாம் டிஷ்ஷுக்குள்ள விழுது!"

"உக்காந்து சொல்லுங்க."

உட்காரவில்லை. "ரவுட்டரோட வயர் செகண்டுக்கு ஆயிரம் எம்பி தள்ளும். டிஷ் தொண்ணூறுதான் கடத்தும். ரவுட்டருக்கு அது தெரியாது. வழி அகலமா இருக்குன்னு வந்ததையெல்லாம் மேலே கொட்டிருது. அதான் இங்கே யாரும் நிக்கல. அங்கே போய் முட்டி, நிரம்பி, வழியுது. வழியறதுல எம் மக குரலும் ஒண்ணுதான், சினிமாவும் ஒண்ணுதான்!"

"டிஷ்ஷுக்கு ஆதிரையைத் தெரியாது," என்றாள் முப்பிடாதி.

கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

டிஷ் பக்கம் போகும் வழிக்கு வேகம் போட வேண்டிய இடத்தில் 90 என்று அடித்தான். அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைமேல் மேகம். மழை இறங்கினால் டிஷ் தொண்ணூறுகூடக் கடத்தாது.

அழித்தான். 85 என்று அடித்தான். விரல் அப்படியே நின்றது.

"நம்ம வேகத்தை நாமளே குறைக்கறதா மேடம்? ஊரே போன் போட்டு ஏசும்."

"எடுத்துப் பேசுங்க."

தட்டினான்.

நாலு மணி. திரையில் அதுவரை அசையாத எண்கள் அசைந்தன. ஏழாவது வரிசையில் பூஜ்யம் நாற்பது ஆனது. நூறு ஆனது. இருநூறைத் தாண்டியது.

"ஐயோ மேடம், தேங்குது!"

"எங்கே?"

"இங்கே..."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே அது காதில் விழுந்தது. சிரித்துவிட்டான்.

ஏழாவது வரிசை நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் வந்தது வந்தவுடன் போனது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

போன் அடித்தது. "என்னடே, படம் சுத்திக்கிட்டே நிக்கு?"

"கொஞ்சம் சுத்தட்டும் அண்ணாச்சி."

திரும்ப அடித்தது. திரும்பவும் அதையே சொன்னான். நடந்தான். உட்கார்ந்தான். வீட்டுக்குக் கூப்பிடப் போனை எடுத்தான், வைத்தான், எடுத்தான். நாலே முக்கால் வரைக்கும் அவன் கால் தரையில் பாவவில்லை.

வகுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே வீடியோவில் வந்தார்கள். மனைவி பிரம்மசக்தியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"முழுசாச் சொல்லிட்டா! வாழைப்பழம்! மதுரை டீச்சர் கைதட்டினாங்க. வெள்ளிக்கிழமையும் வாரேன்னுட்டாங்க."

"எங்கே, பிள்ளையைக் காட்டு."

ஆதிரை தரையில் உட்கார்ந்து பழத்தோலை உரித்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"ஆதிரைக்குட்டி இங்கே பாரு அப்பா பாரு பழம் சாப்பிட்டியா டீச்சர் என்ன சொன்னாங்க எங்கே அப்பாவுக்கு ஒரு தடவை சொல்லு பார்ப்போம் சொல்லுடா கண்ணு..."

ஆதிரை தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் இன்னும் சத்தமாக, இன்னும் ஒரு தடவை, அத்தனையும் சொன்னான்.

முதுகு அசையவில்லை.

அவனுடைய தோளுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி கேட்டாள்.

"எங்கே கொட்டறீங்க அண்ணே?"

கோமதிநாயகம் வாயை மூடினான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கீழே மில் ஓடி நிற்கும் வரை பொறுத்திருந்தான்.

"ஆதிரை."

ஒரே சொல். அதோடு நிறுத்தினான். காத்திருந்தான்.

பழத்தோல் கையிலேயே இருக்க, குழந்தை திரும்பியது.

"ம்?"