ஏமாற்றாமல் கறந்த பால்

வடக்கே, பாலைவனத்தில் குருவும் சீடரும் நடந்துகொண்டிருந்தார்கள். சீடர் வடுகநாதனுக்கு நாற்பத்தைந்து வயது. எதைக் கண்டாலும் ஒரு யோசனை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

காலையில் ஓர் ஒட்டகக் கூட்டத்தைக் கண்டார்கள். மேய்ப்பவள் பெயர் தாப்பு. அவளுடைய மூன்று பிள்ளைகளும் மணலில் சுருண்டு கிடந்தார்கள்.

"உடம்புக்கு என்னம்மா?" என்றார் குரு.

"பசிதான் சாமி. எங்களுக்குச் சோறும் தண்ணியும் ஒட்டகப்பால்தான். கறவையில இருந்தது ரெண்டு. ஒண்ணு செத்துப்போச்சு. இதுக்குக் குட்டி செத்துப்போச்சு. மூணு நாளா பாலை எக்கிக்கிட்டு, ஒரு சொட்டு விடமாட்டேங்குது. அடுத்த கிணறு நாலு நாள் நடை. பால் இல்லாம பிள்ளைங்க அங்க போய்ச் சேராது."

வடுகநாதன் முன்னே வந்தார். "இதற்கா கவலை? எங்கள் ஊரில் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவோம். அது நக்கிக்கொண்டே பால் விடும்."

"ஏமாத்தலாம் சாமி. ஆனா நாளைக்கு இது பின்னாலதானே நான் நடக்கணும்? இந்த மணல்ல எந்தப் பக்கம் தண்ணின்னு இதுக்குத்தான் தெரியும், எனக்கா தெரியும்?"

 

செத்துப்போன ஒட்டகத்தின் பெட்டைக்குட்டி நிற்கவே தள்ளாடியது. தாப்பு அதை நடத்தி வந்து பால் மறுத்த ஒட்டகத்தின் அருகே விட்டாள். ஒட்டகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"உன் பிள்ளை போயிட்டான் தாயி. நான்தான் புதைச்சேன். இவளுக்கும் அம்மா இல்ல. பாரு."

ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் மறுபக்கம் போய் அதையே சொன்னாள். பிறகு அதையே பாட்டாகப் பாடினாள். வெயில் ஏறியது. தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணீர் வழிந்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை.

உச்சிப்பொழுதில் ஒட்டகம் குனிந்து குட்டியை முகர்ந்தது. அடித்தொண்டையில் முனகியது. காம்பில் பால் துளிர்த்தது.

இப்படியும் ஒருத்தியா என்று சீடருக்குக் கண் கலங்கிவிட்டது.

தாப்பு கறக்க உட்காரவில்லை. குட்டியின் வாயைக் காம்பில் வைத்துவிட்டு விலகி நின்றாள். பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். பால் குடிக்க, அங்குள்ள வழக்கப்படி எருக்கிலையைத் தொன்னைபோலக் குவித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை.

வடுகநாதனால்தான் பொறுக்க முடியவில்லை. "குருவே, பெற்ற பிள்ளைகள் மூன்று நாள் பட்டினி. முதல் பால் ஒட்டகக் குட்டிக்கா?"

"அது பெட்டைக்குட்டி. இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றார் குரு. "முடிக்கட்டும்."