ஒன்றும் நான்கும்

"பதினோரு வருஷமா தனியாத் தொழில் பண்றேன். எதுக்குப் பண்றேன்னு இப்பத் தெரியல," என்றார் அமலதாஸ்.

நசீமா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

அவர் அமலதாஸைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு காலத்தில் திருச்சியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இப்போது அவரும் தனியாகத்தான் டிசைன் செய்கிறார். ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டும் பலகைகள், பென்ஷன் விண்ணப்பங்கள் என்று எவரும் பரிசு தராத வேலைகள். தொழிலில் தடுமாறுகிறவர்கள் அவரிடம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

அமலதாஸ் வருவதற்கு ஒரு வருஷம் தயங்கினார்.

"உங்ககிட்ட ஒரு வழி கேட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன அண்ணே, புதுசா வாங்க போங்கன்னு?"

"கேக்க வந்திருக்கேன்ல."

நசீமா சிரிக்கவில்லை. "ஏன் அந்தக் கம்பெனிய விட்டு வெளிய வந்தீங்க?"

"பிடிக்காததுக்கு முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான்."

"சொன்னீங்களா?"

"சில தடவை."

"நீங்க செஞ்சதை யாராவது கையில வச்சுப் பார்க்கிறதைப் பார்த்திருக்கீங்களா?"

"கிளையன்ட் பார்ப்பாங்க. பரிசு கொடுக்கிற ஜட்ஜுங்க பார்ப்பாங்க."

"அவங்க இல்ல. யாருக்காகச் செஞ்சீங்களோ அவங்க."

அமலதாஸ் யோசித்தார்.

நசீமா ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். உறையூரில் ஒரு மருந்துக் கடை. தமயந்தி என்கிற அம்மா நடத்துவது.

"நாளைக்கு ஒரு நாள் அங்க நில்லுங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

"நின்னு?"

"நின்னா போதும்."

*

கடை சின்னது. தமயந்திக்கு ஐம்பது வயதிருக்கும். "ஓரமா நில்லுங்க சார்," என்றதோடு அவரை மறந்துவிட்டார்.

மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒருவர் காலி மாத்திரை அட்டையின் கிழிந்த துண்டை நீட்டினார். பெயர் இருந்த பக்கம் போய்விட்டிருந்தது. ஒரு பெண், "அந்த ரோஸ் கலர் மாத்திரை, காலையில போடுறது," என்றார். இன்னொருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பெட்டியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அமலதாஸிடம் கொடுத்து, "இது அதுதானே, பாருங்க," என்றார்.

அமலதாஸ் படித்துச் சொன்னார். அந்த எழுத்து அவருக்கே சிரமமாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் கூட்டம் குறைந்தது. அப்போதுதான் எதிர் அலமாரியின் மூன்றாம் தட்டைக் கவனித்தார்.

வெள்ளைப் பெட்டிகள். குறுக்கே மெல்லிய நீலக் கோடு. சர்க்கரை நோய் மாத்திரை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்தது. அதற்கு பெங்களூரில் பரிசு கிடைத்தது. தன் வேலைகளைக் காட்டும் தொகுப்பில் அதைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருந்தார்.

பாதிப் பெட்டிகளின் மேல் யாரோ கருப்பு மார்க்கரால், நீலக் கோட்டை மறைத்து, பெரிதாக '4' என்று எழுதியிருந்தார்கள்.

"யாரும்மா இப்படிக் கிறுக்கினது?"

"நான்தான் சார். சரக்கு வந்து இறங்கினதும் முதல் வேலை அதுதான்."

"ஏன்?"

தமயந்தி இரண்டு பெட்டிகளை எடுத்து கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ஒரு மில்லிகிராம். இது நாலு. வித்தியாசம் தெரியுதா, பாருங்க."

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அமலதாஸுக்குத் தெரியும். வலது கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

"இந்தப் பெட்டி வந்த புதுசு. ரெங்கராஜுன்னு ஒரு டெய்லர், எங்ககிட்டதான் வாங்குவாரு. ஒண்ணு கேட்டாரு. நான் நாலை எடுத்துக் கொடுத்துட்டேன். அஞ்சாம் நாள் காலையில சைக்கிள்ல போறப்ப சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்து விழுந்துட்டாரு. வலது கை மூணு இடத்துல முறிஞ்சுது."

"இப்ப?"

"எலும்பு சேர்ந்துடுச்சு. கத்தரி பிடிக்க வரல. அவரு ஒரு வார்த்தை திட்டல சார். கேஸும் போடல. மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றேன்." பெட்டிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "என் தப்பு. படிச்சுப் பார்த்துக் கொடுத்திருக்கணும். முப்பது வருஷத்துல அந்த ஒரு தடவை படிக்கல."

ஒரு ஆள் இருமல் மருந்து கேட்டு வந்தார். தமயந்தி அந்தப் பக்கம் போனார்.

அமலதாஸ் சாயங்காலம் வரை நின்றார். கால் வலித்தது. உட்காரத் தோன்றவில்லை.

*

மறுநாள் காலை நசீமாவிடம் போனார்.

"அந்தப் பெட்டி நான் செஞ்சது."

நசீமா வேலையை நிறுத்தினார்.

"முதல்ல நாலுக்கு ஆரஞ்சுக் கலர்ல பட்டை போட்டிருந்தேன். நம்பரையும் பெருசா வச்சிருந்தேன். ரெண்டும் மாறிடக் கூடாதுன்னுதான். மருந்துக் கம்பெனி மார்க்கெட்டிங் மேனேஜர் பார்த்துட்டு, எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கணும் சார், இதை எடுத்துடுங்கன்னாரு."

"எடுத்தீங்க."

"பத்து நிமிஷம் ஆகல. ஓகே சார்னு சொல்லி எடுத்துட்டேன். அவரு வற்புறுத்தக்கூட இல்ல. எடுத்ததுக்கப்புறம் பெட்டி இன்னும் அழகா இருந்துச்சு, நசீமா. அதுதான். அழகா இருந்துச்சு."

அமலதாஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க பெட்டின்னு தெரியாது. நான் அங்க போய் நின்னப்ப என்னோடது ஒண்ணு இருந்துச்சு."

அது என்ன என்று அமலதாஸ் கேட்கவில்லை.

"கம்பெனிக்கு போன் பண்ணேன்," என்றார். "அந்த மேனேஜர் இப்ப இல்ல. புதுசா இருக்கிறவரு, பார்க்கிறோம் சார்ங்கிறாரு. நான் விடப் போறதில்ல. எழுத்துலயும் அனுப்பியிருக்கேன்."

"சரி."

"இனிமே உருப்படியான வேலை மட்டும்தான் எடுக்கிறதுன்னு இருக்கேன். நாலு பேருக்கு உபயோகமா. உன்னை மாதிரி. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்? எந்த மாதிரி ஆளுங்களைப் போய்ப் பார்க்கட்டும்?"

"தமயந்தி அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல. அவங்க பாட்டுக்கு அமைதியா இருக்காங்க. போய் எதுக்குக் கிளறணும்னு..."

நசீமா எழுந்தார். மேஜைமேல் இருந்த அமலதாஸின் ஹெல்மெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

*

கடையில் அப்போது ஆள் இல்லை. தமயந்தி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னிக்கும் நிக்கணுமா?"

அமலதாஸ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆரஞ்சுப் பட்டையை, மேனேஜரை, பத்து நிமிஷத்தை. பரிசு வாங்கியதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

தமயந்தி பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அந்தக் கலர் இருந்திருந்தா..."

"சொல்லுங்கம்மா."

"நான் சரியான பெட்டியை எடுத்திருப்பேனா?"

"எடுத்திருப்பீங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா எடுத்திருப்பீங்கம்மா."

தமயந்தி கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுதார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. அமலதாஸ் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கடைச் சாவியை எடுத்தார்.

"ரெங்கராஜு வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் சார்," என்றார்.