மாஸ்டர் டவுன் சொல்லவில்லை

“மாஸ்டர், என் கை செத்துப்போகுது.”

மாசிலாமணி இதைச் சொன்னபோது ரெஜினா மாஸ்டர் பளுதூக்கும் மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தக் கை?”

“வலது. தூங்கி எழுந்தா அது என் கையே இல்ல. பக்கத்துல வேற யாரோ படுத்திருக்கிற மாதிரி கிடக்குது. இடது கையால தூக்கி மடியில வெச்சுக்கிறேன். அப்புறம்தான் மெள்ள மெள்ள எறும்பு ஏறுது.”

“வெயிட் போடும்போது?”

“அப்போ ஒண்ணும் இல்ல. நேத்து நூத்துப் பத்து போட்டனே, பார்த்தீங்களே.”

“பார்த்தேன். முழங்கை நிமிர்ந்தது லேட்டு.”

மாஸ்டர் அவனைவிட ஒன்பது வயது சின்னவர். ஆனால் அந்தத் தகரக் கொட்டகைக்குள் வயதைக் கிலோவில்தான் எண்ணுவார்கள். ஆகவே அவன் அவரை மாஸ்டர் என்பான். அவர் அவனை அண்ணா என்பார். அது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

“எந்தெந்த விரல் மரக்குது?”

“சுண்டுவிரல். அதுக்குப் பக்கத்து விரல்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“சொல்லல. பயந்துடுவா.”

“இப்போ பயந்திருக்கிறது யாரு?”

மாசிலாமணி வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

அவன் அப்பாவும் ஒருநாள் காலையில் இப்படித்தான் எழுந்தார். கை மரத்துப்போச்சு என்றார், சிரித்துக்கொண்டே. அம்மா காபி கொடுத்தாள். டம்ளர் சாய்ந்து கொதிக்கக் கொதிக்கக் கையில் கொட்டியது. தோல் சிவந்து கொப்பளித்தது. அப்பா கேட்டார்: “ஏன் எல்லாரும் கத்துறீங்க?”

அந்தக் கை அதற்குப் பிறகு எதையும் தூக்கவில்லை.

மாசிலாமணி மின்கம்பம் ஏறுகிறவன். கையை நம்பித்தான் கம்பம், கம்பத்தை நம்பித்தான் வீடு. இப்போது அவன் படுப்பதில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறான். “மழைக்காலம், எந்நேரமும் கூப்பிடுவாங்க” என்று மனைவி பொற்கொடியிடம் ஒரு பொய்.

“பளு தூக்குறத விட்டுடட்டுமா மாஸ்டர்?”

“முதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் என்னைக் கேளுங்க.”

*

டாக்டர் தட்டினார், குத்தினார், கழுத்தைத் திருப்பினார், விரல்களில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்.

“பக்கவாதம் இல்ல. கழுத்தும் நல்லா இருக்கு. முழங்கை வழியா ஒரு நரம்பு ஓடுது, நீங்க கையை மடக்கிக்கிட்டே தூங்குறீங்க, அது நசுங்குது. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“இப்போதைக்கு அவ்வளவுதான். பகல்லயும் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கை மெலிஞ்சாலோ உடனே ஓடி வாங்க. மத்தபடி முழங்கையில துண்டைத் தளர்வா சுத்திக்கிட்டு, கையை நீட்டித் தூங்குங்க.”

மாசிலாமணி துண்டைச் சுற்றிக்கொண்டான். கையை நீட்டினான். விழித்தபோது துண்டு தரையில் கிடந்தது. கை அந்நியனாகக் கிடந்தது.

டாக்டர் சொன்னதை அவன் தலை நம்பியது. வயிறு நம்பவில்லை. மறுபடியும் நாற்காலிக்குப் போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை.

“மாஸ்டர், மடக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டார். சரி. தூங்குறவன்கிட்ட அதை யார் போய்ச் சொல்றது?”

“வெறும் பாரைத் தூக்குங்க.”

“நான் கேட்டதுக்கு…”

“தூக்குங்கண்ணா.”

தூக்கினான். தலைக்கு மேலே, முழங்கை பூட்டி, அசையாமல் நின்றான். எடை மாட்டாத வெறும் இரும்புத்தண்டு. அவனுக்கு அது துடைப்பக்குச்சி.

மாஸ்டர் டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்தது. ஊதினார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றார்.

மாசிலாமணி நின்றான்.

போன வருஷம் மாவட்டப் போட்டியில் அவன் வாழ்நாளிலேயே பெரிய எடையைத் தூக்கினான். தூக்கிய சந்தோஷத்தில், நடுவர் சைகை காட்டுவதற்கு முன்னாலேயே கீழே போட்டுவிட்டான். மூன்று சிவப்பு விளக்கு. தூக்கியது கணக்கில் வரவில்லை. அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு சட்டம். மாஸ்டர் ‘டவுன்’ சொல்லாமல் யாரும் எதையும் இறக்கக் கூடாது. எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். மாசிலாமணி அதை எலும்பில் எழுதிக்கொண்டான்.

துடைப்பக்குச்சி கனக்க ஆரம்பித்தது.

“மாஸ்டர், இன்னும் கொஞ்ச நேரம் விட்டா அண்ணன் மேல காக்கா கூடு கட்டிடும்” என்றார் கறிக்கடை சுல்தான், தன் முறைக்குக் காத்துக்கொண்டே.

தோள் நடுங்கியது. வேர்வை கண்ணில் இறங்கியது.

“மாஸ்டர்!”

“இன்னாண்ணா?”

“டவுன் சொல்லுங்க!”

“எறும்பு ஏறுதா?”

“ஏறுது!”

“கீழ வெச்சிட வேண்டியதுதானே. யாரு உங்களைப் புடிச்சி வெச்சிருக்காங்க?”

அவன் வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“டவுன்.”

இரும்பு விழுந்த சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன.

“கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே மாஸ்டர்” என்றான், மூச்சு வாங்க.

மாஸ்டர் மூலையில் இருந்த பாயை எடுத்து உதறி விரித்தார். “படுங்க.”

“இங்கயா? எல்லாரும் இருக்காங்களே.”

“தாலாட்டு நான் பாடட்டுமா, சுல்தான் பாய் பாடட்டுமா?”

“நானே பாடுறேன்” என்றார் சுல்தான். “என் கடை ஆடுங்க கேட்டுட்டு அமைதியா இருக்கும்.”

மாசிலாமணி வெட்கத்தோடு படுத்தான். கண்ணை மூடினால் மட்டும் போதும் என்று நினைத்தான். ஆனால் நாற்காலியில் தூங்கியவனுக்குத் தரை அம்மா மடி மாதிரி. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றுவதற்குள் போய்விட்டான்.

*

விழித்தபோது எல்லோரும் மாஸ்டரின் போனைச் சுற்றி நின்றார்கள்.

கொட்டகையின் வழக்கம் அது. யார் எதைத் தூக்கினாலும் செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பார்கள். தூக்கினவன் சொல்வதை நம்பாதே, போனைப் பார் என்பார் மாஸ்டர்.

“வாங்கண்ணா. உங்க லிஃப்டைப் பாருங்க.”

பார்த்தான்.

பாயில் ஒரு பெரிய மனிதன் மல்லாந்து தூங்கினான். வாய் திறந்திருந்தது. கைகள் பக்கவாட்டில் நல்ல பிள்ளைகளாக இருந்தன.

பிறகு வலது கை ஊர்ந்தது. இடது கையும். முழங்கைகள் மடங்கின. மணிக்கட்டுகள் பின்னால் வளைந்தன. இரண்டு கைகளும் கழுத்தெலும்புக்குக் கீழே, பாரை நெஞ்சில் தாங்கி நிற்கும் இடத்தில், வந்து நின்றன. கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் அதன்மேல் பூட்டு. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பிடி, ஒரு மயிரிழை பிசகில்லை.

படத்தில் சுல்தானின் குரல் கேட்டது: “எத்தனை கிலோ மாஸ்டர்?”

யாரோ சிரித்தார்கள். தூங்குகிறவன் சிரிக்கவில்லை. புருவம் நெரிந்திருந்தது. தோள் இறுகியிருந்தது. அவன் எதையோ தாங்கிக்கொண்டிருந்தான். தாங்கிக்கொண்டே இருந்தான்.

மாஸ்டரின் கால் திரையில் வந்தது. குனிந்து, காதுக்குப் பக்கத்தில், மேடையில் ஒருபோதும் பேசாத மெல்லிய குரலில் சொன்னார்:

“டவுன்.”

முதலில் சுண்டுவிரல் திறந்தது. பிறகு அடுத்தது. கட்டைவிரல் வெளியே வந்தது. கைகள் அவிழ்ந்து பாயில் இறங்கின. நெற்றி சமமானது. பெரிதாக ஒரு மூச்சு, அதன் பின்னால் ஒரு குறட்டை.

மாசிலாமணி திரும்ப ஓட விட்டான். மறுபடியும் ஓட விட்டான். தன் வலது கையைக் குனிந்து பார்த்தான். அது மரக்கவில்லை.

அப்பாவின் கை இப்படி எதையும் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. அது வேறு கை.

“வீட்டுல யார் மாஸ்டர் சொல்றது?”

மாஸ்டர் துடைப்பத்தை எடுத்தார்.

“அண்ணிக்கு இன்னும் தெரியாது, இல்ல?”

*

பொற்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கையை. டாக்டரை. மழைக்காலப் பொய்யை. அப்பாவின் டம்ளரை.

அவள் கூடத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அதுக்குத்தான் அந்த நாற்காலியா?”

“ஆமா.”

“எவளோ போன் பண்றான்னு இல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!”

மாசிலாமணி சிரித்தான். நெடுநாளைக்குப் பிறகு, வயிறு குலுங்க. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

படுக்கும்போது துண்டை அவளே முழங்கையில் சுற்றினாள், இறுக்காமல்.

“நான் என்ன சொல்லணும்?”

“டவுன்னு சொல்லணும்.”

“அதெல்லாம் எனக்கு வராது.” அவன் முஷ்டியைப் பிரித்து உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்தாள். “போதும். கீழ வைங்க.”

*

வெயில் முகத்தில் விழுந்துதான் எழுந்தான்.

துண்டு முழங்கையிலேயே இருந்தது. கை விரிந்து கிடந்தது. அது தன் கைதானா என்று சோதிக்கக்கூடத் தோன்றவில்லை. பொற்கொடி நீட்டிய காபி டம்ளரை அப்படியே வலது கையில் வாங்கிக்கொண்டான்.

“ஐயோ, இப்பதான் இறக்கினேன்! துணியை வெச்சுப் புடிங்க!”

அவன் துணியைத் தேடவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுடுது பொற்கொடி” என்றான். “சுண்டுவிரல் வரைக்கும் சுடுது.”