கொக்கிச் சத்தம்

குற்றாலிங்கம் தாசில்தாராக இருந்த காலத்தில் அவருடைய ஒரு கையெழுத்துக்காக ஜனங்கள் வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவரும் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும்படி ஆயிற்று.

போட வேண்டியவள் ஜெசிந்தா. தென்காசிக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் மைதானத்தின் பயிற்சியாளர். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்து மூன்று. மூத்தோருக்கான மாநிலப் போட்டியில் கலந்துகொள்ள அவளுடைய ஒப்பம் வேண்டும். படிவம் அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கோப்பையைக்கூடக் கையில் வாங்கியிராத மனிதர் அவர். இந்த ஒன்றுக்காக இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்திருக்கிறார்.

"அறுபது குண்டுல, அறுநூத்துக்கு ஐந்நூத்தி எழுபத்தெட்டு, மேடம். இன்னும் என்ன குறை?"

ஜெசிந்தா படிவத்தை வாங்கித் தோட்டாப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"இலக்குத் தாளை மாத்தணும். இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க, சார்."

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வலது முழங்கால் வலி என்பதால், சுட்ட தாளை எடுத்துப் புதுத் தாள் ஒட்ட எப்போதும் அவள்தான் போவாள். சரளைக்கல்லில் ஐம்பது மீட்டர் நடை. நடுவழியில் அவள் கொஞ்சம் நிற்பாள், பிறகு நடப்பாள். தனக்காகக் காற்றின் போக்கைப் பார்க்கிறாள் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை.

சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஆள் இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. போல்ட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சின்ன ஆரஞ்சுக் கொடியை அதில் சொருகி, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். முதல் நாளே சொன்னாள். அவர் கேட்கவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கே அனுப்பி வைத்தாள்.

"காலித் துப்பாக்கி. கொடியும் சொருகியிருக்கு. தூசிதானே துடைச்சேன்?" என்று இரண்டு தடவையும் வாதாடிப் பார்த்தார். அதன் பிறகு அவள் கண் முன்னால் துடைப்பதை விட்டுவிட்டார். அவள் முதுகைக் காட்டி நடந்ததும் மஞ்சள் துணியை எடுத்துத் துடைப்பார்; தொங்கும் வாரின் கொக்கி மேசைக் காலில் இடிக்கும். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு விதியை எங்கே வளைக்கலாம் என்று தெரியாதா?

இப்போது அவரே கோட்டைத் தாண்டி நடந்தார். ஆடிக் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. பாதி தூரம் போயிருப்பார். பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம்.

சட்டென்று திரும்பினார். ஜெசிந்தா கோட்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துப்பாக்கி வாரின் கொக்கி, மேசையின் இரும்புக் காலில் இடித்து ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் பிடரி குறுகுறுத்தது. தாளை ஒட்டும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்; வரும் வழியெல்லாம் மேசையையே பார்த்தபடிதான் வந்தார்.

"எதுக்குத் திரும்பிப் பாத்தீங்க, சார்?"

"சத்தம் கேட்டுது."

"துப்பாக்கியில குண்டு இருந்துச்சா?"

"இல்லை. நானே பாத்துட்டுத்தான் கொடி சொருகினேன்."

"நான் தொட்டேனா?"

"தொடலை."

"அப்போ காத்துதான்."

"காத்தா, கையான்னு அங்க நிக்கவனுக்கு எப்படி மேடம் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"நடுவுல நிப்பீங்களே..." என்றார் மெதுவாக. "காத்துப் பாக்கத்தானே?"

"காத்துப் பாக்க இங்கேயே கம்பத்துல கொடி பறக்கு, சார்."

அவர் கையில் இருந்த பழைய தாளைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். வெட்கத்தில் உடம்பே கூசியது. இத்தனை நாளும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் பயத்தை.

"ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கலாமே?"

"பாத்து, உங்க கை துப்பாக்கி மேல இருந்தா அன்னைக்கே உங்க பேரை அடிக்கணும். எனக்கு மனசு வரலை. அது என் தப்பு."

அடுத்த பத்துக் குண்டையும் சுட்டு முடித்தார். போல்ட்டைத் திறந்தார், கொடியைச் சொருகினார், துப்பாக்கியை வைத்தார். மஞ்சள் துணியை எடுத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். கோட்டுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

அவள் புதுத் தாளோடு நடந்தாள்.

அவள் பாதி வழி போகட்டும், நிற்காமல் போகட்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். காற்று கேட்கவில்லை. கொக்கி இரும்புக் காலில் இடித்தது.

ஜெசிந்தா நின்றாள்.

"காத்து, மேடம்!" என்று கத்தினார் குற்றாலிங்கம். "நான் தொடலை!"

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தாள். தாளை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"சத்தியமா காத்துதான், மேடம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்."

"எனக்குத் தெரியும், சார்" என்றாள் ஜெசிந்தா. "காலுக்குத்தான் இன்னும் தெரியலை."

குற்றாலிங்கம் தோட்டாப் பெட்டிக்கு அடியில் ஒப்பம் விழாமல் இருந்த படிவத்தை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணி என்ன என்று பார்க்கவில்லை.