ஆமை புதைத்து வைத்த குடுக்கை

செய்யாத தப்புக்குக் காடே ஆமையைத் திட்டியது. அவள் சுரைக்குடுக்கையில் அடைத்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்த மான்குட்டிக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் குடுக்கையில் அழுக்கு எப்படி வந்தது என்பது ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். கலந்துவிட்ட நீர்நாய்க்கு.

அவனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். ஆற்றங்கரையில் அவனும் சுரைக்குடுக்கைகளில் தண்ணீர் அடைத்து வைத்திருந்தான். கோடை வந்ததும் எல்லோரும் அவனைத் தாண்டி, மேலே பாறையூற்றுக்கு, ஆமையிடம் போனார்கள். காரணம், நல்ல தண்ணீர் என்று காட்டும் யானையம்மாவின் முத்திரை. ஊற்றை மோந்து பார்த்து, சரளை, மணல், கரி என்று ஆமை மூன்று தடவை வடிகட்டுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்த பிறகுதான், மெழுகு மூடியில் தன் முத்திரையைப் பதிக்க அவளை அனுமதித்திருந்தாள்.

நீர்நாயிடம் யானையம்மா என்ன சொன்னாள்? "எருமை புரளும் துறையில் மொள்ளுகிறாய். இடத்தை மாற்று, வடிகட்டு, பிறகு என்னைக் கூப்பிடு."

நியாயமான பேச்சுதானே? அவனுக்கு அப்படிப் படவில்லை. "அவளுக்கு மட்டும் ஏன்? நானும்தான் முதுகொடிய மொள்ளுகிறேன்" என்று புகைந்துகொண்டே இருந்தான். குட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் தாய்மான் இறக்கி வைத்த ஆமையின் குடுக்கையைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. மெழுகை நெகிழ்த்தினான், பாதியைக் கொட்டினான், தன் தண்ணீரை ஊற்றி மூடினான்.

மறுநாள் முத்திரையைப் பறிக்க யானையம்மா வந்தாள். நீர்நாய் முன்னால் வந்து நின்றான்.

"நான் அப்பவே நினைத்தேன். ஆமையக்கா ஊற்றுத் தண்ணீர் என்று எதையோ அடைக்கிறாள்."

ஆமை மண்ணைத் தோண்டினாள். ஒரு குடுக்கை வெளியே வந்தது.

"அம்மா, ஒவ்வொரு நாளும் அடைப்பதில் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் புதைத்து வைப்பேன். மானுக்குக் கொடுத்ததில் இரண்டு கீறல், இதிலும் இரண்டு கீறல். ஒரே நாள் அடைத்த தண்ணீர். திறந்து பாருங்கள்."

யானையம்மா மோந்தாள். ஊற்றின் குளிர்ச்சி. அடுத்து மான்குட்டியின் குடுக்கையை மோந்தாள். தும்பிக்கை சட்டென்று பின்வாங்கியது.

"இது எருமைத்துறைச் சேறு."

அங்கே மொள்ளுகிறவன் ஒருவன்தான். எல்லாத் தலைகளும் நீர்நாய் பக்கம் திரும்பின.

அப்போதும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அப்போ ஆரம்பத்திலிருந்தே என்மேல் சந்தேகம் உனக்கு" என்று சீறினான்.

"உன்மேல் இல்லை தம்பி, என்மேல்" என்றாள் ஆமை. "என் வேலையில் என்றைக்காவது பிசகினால் எனக்குத் தெரிய வேண்டுமே. என் தண்ணீரைக் கெடுக்க நீ பட்ட பாட்டை உன் தண்ணீரைச் சுத்தம் பண்ணப் பட்டிருந்தால், இந்நேரம் உன் மூடியிலும் முத்திரை இருந்திருக்கும்."